நாக்கை வளைக்கிற வித்தை

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் எங்கே போனாலும் இப்போது ஏதாவதொரு மாடிப்படிக்குப் பக்கத்தில், இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பதாக ஒரு பலகை தொங்குகிறது. கற்றுக்கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிழைப்புக்கு வேண்டிய பாஷை. இரண்டு மா நிலத்தை நம்பி எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும்? எனக்கு ஆத்திரம் மூட்டுவது வேறு விஷயம். இந்த வகுப்புகளில் சிலவற்றில் முதல் பாடமே அவமானமாக இருக்கிறது.

“‘கேட்’ என்று சொல்லாதே, ‘கெய்ட்’ என்று சொல். ‘கோ’ அல்ல, ‘கொவ்’.” இப்படி ஆரம்பிக்கிறது பாடம். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்த ஒரு பெண், பட்டதாரி, என்னிடம் சொன்னாள்: “‘ரோடு’ன்னு சொன்னேன் சார். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை.” வாயைத் திறப்பதற்கென்று மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியவள் அவள்.

வாத்தியார் சொல்வது பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஓர் உயிரில் புறப்பட்டு, வழுக்கிக்கொண்டு இன்னோர் உயிரில் போய் நிற்கும் ஒலிகள் இங்கிலீஷில் உண்டு. ‘டிப்தாங்’ என்று பெயர். தென் இங்கிலாந்துப் படித்தவர்களின் பேச்சில் எட்டு என்று பாடப் புத்தகங்கள் கணக்குச் சொல்லும். அந்தப் பேச்சை டேனியல் ஜோன்ஸ் 1917-ல் உச்சரிப்பு அகராதியாகப் போட்டார். அதிலிருந்து அது உலகத்துக்கெல்லாம் சட்டமாகிவிட்டது.

ஆனால் இந்த வழுக்கல் நமக்கு என்ன புதிதா? ஐ என்பது அகரமும் இகரமும் சேர்ந்தது, ஔ என்பது அகரமும் உகரமும் சேர்ந்தது என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் ஐயரை அய்யர் என்றும் எழுதுகிறோம். இங்கிலீஷில் இதே ஜாதி ஒலி வருகிற சொற்களை நம் ஜனங்கள் அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள்: ரைஸ் மில், டவுன் பஸ், ஆயில் இஞ்சின். ஓர் எழுத்து இங்கிலீஷ் தெரியாத பாட்டி ‘பவுன்’ என்று எத்தனை லட்சணமாகச் சொன்னாள்! தகராறெல்லாம் ஏகாரத்திலும் ஓகாரத்திலும்தான். அவற்றை நாம் நேராக நிறுத்திச் சொல்கிறோம். அதுதான் குற்றம்.

(நம் ஐகாரத்தின் கதியையும் சொல்லிவிட வேண்டும். ‘தலை’யையும் ‘வாழை’யையும் தஞ்சாவூர்க்காரன் ‘தலெ’, ‘வாழெ’ என்றுதான் சொல்லுகிறான். உச்சரிப்பு வாத்தியாரும் வீட்டில் அப்படித்தான் பேசுவார். ஐகாரக் குறுக்கம் என்று இலக்கணமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. யாரும் சிரிப்பதில்லை.)

இந்த ஊருக்கு இங்கிலீஷ் வந்த வழியைப் பாருங்கள். இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைத்தவர்களில் முதன்மையானவர், சரபோஜிக்குக் குருவாக இருந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார். அவர் ஜெர்மானியர். ஜெர்மன் பாஷையில் ஏகாரமும் ஓகாரமும் நம்முடையவை போலவே நேரானவை. அவர் 1798-ல் காலமானார். இங்கிலாந்திலேயே ‘கேட்’டும் ‘கோ’வும் வளைய ஆரம்பித்தது ஏறக்குறைய 1800-ஐ ஒட்டித்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். பிறகு சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியைப் பெரிதாக வளர்த்த வில்லியம் மில்லர் வந்தார். அவர் ஸ்காத்லாந்துக்காரர். ஸ்காத்லாந்தில் பலரும் இன்றைக்கும் ‘கேட்’ என்று நேராகத்தான் சொல்லுகிறார்கள். எடின்பரோவில் போய் யாராவது அவர்களைப் பார்த்துச் சிரிக்கட்டும், பார்க்கலாம்.

சாஸ்திரியாரை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. வலங்கைமானில் 1869-ல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, 1922-ல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா என்று போய்ப் பேசிவிட்டு வந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரி. ‘வெள்ளி நாக்கு’ என்று அவரைப் புகழ்ந்தது வாஸ்தவம். அந்தப் புகழ் ஓகாரத்தை வளைத்ததற்கா கிடைத்தது? சொல்லைத் தேர்ந்தெடுத்த அழகுக்கும், வாதத்தின் தெளிவுக்கும் கிடைத்தது. அவரிடமிருந்து கற்க வேண்டியதை விட்டுவிட்டு நாக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

இன்னொரு வேடிக்கை. நாம் துரத்துகிற அந்த உச்சரிப்பு அங்கேயே நிற்கவில்லை. எலிஸபெத் மகாராணியின் கிறிஸ்துமஸ் பேச்சுகளை, 1950-களில் பதிவானவற்றையும் 1980-களில் பதிவானவற்றையும், ஒப்பிட்டு அளந்து 2000-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ராணியின் உயிரெழுத்துக்களே இடம் மாறியிருந்தன! ‘சேர்’ என்ற சொல்லில் வளைந்து வந்த ஒலியை இங்கிலாந்தில் இளையவர்கள் இப்போது நீட்டி நேராகவே சொல்லுகிறார்கள். ஆக்ஸ்போர்டு அகராதிகள் 1990-களில் குறியையே மாற்றிக்கொண்டன. எட்டு என்ற கணக்கே அங்கே ஆட்டம் கண்டுவிட்டது. நம் வகுப்புகளில் மட்டும் எட்டும் பத்திரமாக இருக்கின்றன.

நேராகச் சொன்னால் அர்த்தம் புரியாதா? அதுவும் இல்லை. நமக்குக் குறிலும் நெடிலும் உண்டு. ‘கெட்’ வேறு, ‘கேட்’ வேறு என்று காதுக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. வடக்கே பல பாஷைகளுக்கு எ, ஒ என்ற குறில்களே கிடையாது. நமக்கு அந்தச் சங்கடம்கூட இல்லை.

புரியாமல் போகிற இடம் வேறே. சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது இங்கிலீஷுக்கு உயிர்நாடி. தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. ‘ப்ரெஸென்ட்’டில் முன்னால் அழுத்தினால் பரிசு, பின்னால் அழுத்தினால் வழங்குவது. ‘ஹோட்டல்’ என்று நாம் முதலில் அழுத்துகிறோம். அவர்கள் கடைசியில் அழுத்துகிறார்கள். இந்தியர் பேசும் இங்கிலீஷ் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து ஆர். கே. பன்ஸால் 1969-ல் ஹைதராபாத்திலிருந்து வெளியிட்ட நூலும், அழுத்தம் பிசகுவதைத்தான் பெரிய காரணமாகக் காட்டியது. பணம் வாங்குகிறவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதை. அதற்கு அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக மெனக்கெட வேண்டும். ‘கொவ், கொவ்’ என்று நாற்பது பேரைக் கோஷ்டியாகக் கத்தவைப்பது சுலபம். நான் பார்த்த பலகை எதிலும் அழுத்தம் என்ற வார்த்தையைக் காணோம்.