அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் பரமசிவன் மலைக்கோயிலுக்கு வந்த என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கும் வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு என்னிடம் படித்தவள். இப்போது வேறொரு மாவட்டத்தில் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளோடு படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கமெண்டில் எழுதாதீர்கள். அவள் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் விடியற்காலை ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டிக் காய் எடுக்கப் போய் வந்தவர். அதனால் அவள் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த மலை ரோட்டுக்கே வந்துவிடும்.

முதலில் ஒரு கண்ணாடிக் குழாய் கதை சொன்னாள். பாம்பு கடித்து ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். கூடவே பத்துப் பேர். மருத்துவர் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசைமேல் ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிடுவார். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் உறைந்திருந்தால் ஒரு கணக்கு. உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம், உடனே விஷமுறிவு மருந்து. அந்த மருந்தை எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் போட்டுவிட முடியாது. சிலருக்கு அதுவே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆபத்தாகும். அதுவும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கான மருந்து அது. நம் மலையில் ஏலச்செடி மூட்டில் கிடக்கிற குழிவிரியனுக்குக் கேட்காது.

இதெல்லாம் வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணில் படுவது, ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா நிற்கிற ஒரு டாக்டரம்மா. "அந்த இருபது நிமிஷத்துலதான் டீச்சர் எனக்கு அடி விழப் பார்த்துச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2023 மே 10-ஆம் தேதி கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் வந்தனா தாஸ் என்ற இளம் மருத்துவர் கத்திரிக்கோலால் குத்திக் கொல்லப்பட்டார். சிகிச்சைக்காகப் போலீசார் அழைத்து வந்த ஆள்தான் குத்தியது. அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று பேப்பரில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் பாலாஜியை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். தெய்வாதீனமாக அவர் பிழைத்தார். மருத்துவமனையில் வன்முறை செய்தால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, வாசலில் கூட்டமும் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவளோடு ஒத்துப்போகவில்லை. "உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய நிக்கிறவனுக்கு யாராவது ரெண்டு வார்த்தை சொன்னா அவன் ஏன் தாயி கை ஓங்கப் போறான்?" என்று கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஒருத்தி, ஒரு நர்ஸம்மா. யாரு டீச்சர் வந்து சொல்லுவா?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். ஆனால் அதை அவள் தலையில் கட்ட வேண்டாம், அரசு ஓர் ஆளைப் போடலாமே. வாசலில் நின்று, "இந்தக் குழாயை இருபது நிமிஷம் வைக்கணும்ங்க, அதுக்குத்தான் காத்திருக்கோம்" என்று நம் பேச்சில் சொல்ல ஒருவர். பெரிய செலவில்லை. எத்தனையோ துறைகளில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். உயிருக்குப் போராடுகிறவர் சிவப்பு. கையில் எலும்பு முறிந்து கத்துகிறவர், கத்துகிற அளவுக்கு மூச்சு இருப்பதால், கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலில் வந்தவருக்கு முதலில் பார்ப்பது ரேஷன் கடை வழக்கம், இங்கே அது செல்லாது. "சத்தமே போடாம படுத்திருக்கிறவங்களப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்" என்றாள்.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் என் அண்ணனுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்தது, வேர்த்துக் கொட்டியது. "வாயுதான்" என்று அவரே சொன்னார். சோடா வாங்கி வரச் சொன்னது நான். பெருங்காயம் கரைத்துக் கொடுத்ததும் நான். இரண்டு மணி நேரம் போய்விட்டது. பிறகு கார் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். விடியும்போது அவர் இல்லை. முப்பது வருஷம் வகுப்பில் முதலுதவிப் பாடம் நடத்தியவள் நான். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலி என்று வருபவர்களுக்கு முதல் வேளையாக 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுப்பவையும் கொழுப்பைக் குறைப்பவையுமாக, மூன்று வகை மாத்திரைகள். சோடாவை விட அது பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த நிலையம் எங்கே, எப்போது திறந்திருக்கும் என்று ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். வேர்வையோடு வருகிற நெஞ்சுவலிக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இனி ஜீப். முந்தல் தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. எட்டு ஒன்பது பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பதினெட்டுப் பேர். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற பையன்கள் வேறு. காலையில் நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேரவேண்டும் என்று ஓட்டம், சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும் என்று ஓட்டம், நடுவில் மூடுபனி, மழை. கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எந்தத் தாலுகா மருத்துவமனையில் ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்குக் கட்டில், ரத்தம், டாக்டர் இருக்கும்? அங்கிருந்து தேனி, கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி, இல்லாவிட்டால் மதுரை. சமாளிக்க முடியாமல் போனதும் பேப்பரில் வருவது "சிகிச்சை பலனின்றி" என்கிற இரண்டு வார்த்தை. பதினெட்டாவது ஆளை ஏற்றியது யார் என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

கவிழ்ந்த வண்டியிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே போடுவதும் நாம் செய்கிற தப்பு என்றாள். தீப்பிடிக்கும் என்ற பயம் இல்லாவிட்டால் கழுத்தை அசைக்காமல் வைத்து 108 வரட்டும். ரத்தம் ஓடினால் துணியை மடித்து அழுத்திப் பிடிக்கலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, அது மூச்சுக்குழாயில் போகும். நாமெல்லாம் பாசத்தில் முதலில் செய்வதே தண்ணீர் கொடுப்பதுதான்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு: அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் பற்றியும் கேட்டேன். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். நம் ஊர் ஆட்களுக்கு இது சின்ன விஷயமில்லை. போடிமெட்டு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் உருண்டால் ஒரு நியாயம், அந்தப் பக்கம் பூப்பாறை ரோட்டில் உருண்டால் வேறு நியாயம். காய் எடுக்கிற தோட்டம் முழுக்க அந்தப் பக்கம்தானே! மத்திய அரசு 2025 மே மாதம் நாடு முழுவதற்கும் ஒன்றரை லட்ச ரூபாய் வரை, 7 நாள் சிகிச்சை என்று ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. எல்லை தாண்டிப் போகிறவர்கள் அதையும் மனதில் வையுங்கள், ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

குரங்கணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளைக் காட்டுத்தீ சுற்றிக்கொண்டது. முதலில் மேலே ஓடியவர்கள் நம் மலைக்காரர்கள்தான். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். அன்றைக்கு உயிரோடு வந்து பேசியவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் போனார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். "பேசிக்கிட்டுத்தானே இருந்துச்சு, எப்படிச் செத்துச்சு?" என்று ஊரே அப்போது கேட்டது, நானும் கேட்டேன். தீக்காயத்தில் தோல் போய்விட்டால் உடம்பின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் தளரும், பிறகு கிருமி ஏறும், அதனால் முதல் நாள் பேச்சை நம்ப முடியாது என்று இவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மாவு, இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

அந்தத் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. இப்போது பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போகிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் செத்த பிறகு மலையேறுகிறவர்களுக்கு விதி வந்துவிட்டது. தினமும் அதே மலையில் வேலைக்கு ஏறுகிற நம் பெண்களின் ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தினமும் எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.

ஜீப் வைத்திருக்கிற என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். டீசல் விலை, வண்டித் தவணை, "ஆள் குறைச்சு ஏத்தினா கட்டாது டீச்சர்" என்பதெல்லாம் தெரியும். ஆளுக்கு இவ்வளவு என்று வண்டிக்கூலி கொடுக்கிற தோட்டக்காரர்களிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. அவர்களிலும் என்னிடம் படித்தவர்கள் உண்டு. கோபம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.