சறுக்கி இறங்கிய தேக்கு

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போகிறவர்கள் யானை தெரியுமா, காட்டெருமை தெரியுமா என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்டுக்குள் ரயில் ஓடியது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

ஓடியது. 1907இலிருந்து 1963 வரை. கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம்வே அது. சாலக்குடியில் புறப்பட்டு மலையேறி, பரம்பிக்குளம் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தேக்கையும் ஈட்டியையும் கீழே கொண்டுவரத்தான் போட்டார்கள். ஷொர்ணூர்–எர்ணாகுளம் ரயில் 1902இலேயே வந்துவிட்டதால், மரத்தைச் சாலக்குடி வரை சேர்த்துவிட்டால் போதும். (அந்த ரயிலுக்காக மகாராஜா ராமவர்மா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களையே விற்றார் என்பார்கள்.)

எனக்குப் பிடித்தது இதன் சறுக்குப் பாதைகள்தான். செங்குத்தான இடங்களில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. இரும்பு வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியது போலத்தான்: கனத்தது இறங்க இறங்க, காலி தானாக மேலே வரும். பிரேக்கை அழுத்தி வேகத்தை அடக்கினால் ஆயிற்று. கரிச் செலவு கிடையாது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் கணக்கு இடித்தது. தண்டவாளம், பாலம், சம்பளம் எல்லாம் வருஷா வருஷம் காசு கேட்கும். காடு அப்படி வருஷா வருஷம் மரம் தராது. நட்ட தேக்கு முதிர 60 ஆண்டு பிடிக்கும். ரயில் இருந்ததே 56 ஆண்டுதான். முதல் வருஷமே கன்று நட்டிருந்தாலும் அதை ஏற்றிப்போக வண்டி இருந்திருக்காது. போதாததற்கு லாரி வேறு வந்துவிட்டது.

மூணாறில் ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் ஒரேயடியாக வாரிக்கொண்டு போயிற்று. அதை இயற்கையின் தலையில் கட்டிவிடலாம். பரம்பிக்குளம் டிராம்வே நின்றதைக் கட்ட வேறு தலை கிடையாது.

மரம் வெட்டப் போட்ட பாதை பறவைக்கும் கொஞ்சம் உதவியது. 1933இல் திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளை ஆராய வந்த சாலிம் அலி, டிராம் பாதையோரக் குரியார்குட்டியில் தங்கித்தான் வேலை பார்த்தார்.

பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு இன்னும் நிற்கிறது. சுற்றளவு ஏழு மீட்டர் இருக்கும். கோடாலி பட்டதும் ரத்தம் கசிந்ததாம், அதனால் விட்டுவிட்டார்களாம். இருக்கலாம். அவ்வளவு பெரிய உடம்பை எந்த வண்டியில் ஏற்றுவது என்றும் யாராவது யோசித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.