பேச்சு ஓசி, போர்டு காசு

2003-ல் ஸ்கைப் வந்தபோது, ஐ.எஸ்.டி. பூத் மீட்டரைப் பார்த்தபடியே பேசிப் பழகிய நமக்குத் தலைகால் புரியவில்லை. 2025 மே மாதம் ஸ்கைப்புக்கு மூடுவிழா. போகட்டும், வாட்ஸ்அப் இருக்கிறது. அமெரிக்கப் பேத்தியோடு பேசுவது இன்னமும் ஓசிதான்.

லேப்டாப் மக்கர் பண்ணட்டும், அப்போது தெரியும் சேதி! சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், "மதர்போர்டையே மாத்தணும் சார். இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே" என்று அறிவுரை வேறு. அதையே ரிச்சி தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பையனிடம் கொடுங்கள். மல்டிமீட்டரை வைத்து நோண்டி, ஷார்ட் ஆன கெப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தருவான். எப்போதும் முடியாது, பல சமயம் முடியும். இத்தனைக்கும் சர்க்யூட் வரைபடத்தை எந்த கம்பெனியும் அவனுக்குத் தருவதில்லை.

2022 டிசம்பரில் நியூயார்க்கில் சட்டமே போட்டார்கள்: பழுதுபார்க்கும் குறிப்பையும் உதிரி பாகத்தையும் வெளிக் கடைக்காரருக்கும் கொடு என்று. ஓட்டைகள் உள்ள சட்டம்தான், ஆனாலும் சட்டம். அதே மாதம் நம் மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது!

அடுத்த லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ரேம் கழற்றி மாட்டுறதா, போர்டோட ஒட்டினதா?" அவர் முழிப்பதைப் பாருங்கள்.