ஸ்காட்லாந்தில் சர்ச்சுகள் ஏன் விற்பனைக்கு வருகின்றன? மூடும் முடிவு யார் கையில்?

ஸ்காட்லாந்து திருச்சபையின் இணையதளத்தில் ஆராதனை, ஜெபம் பற்றிய தகவல்களோடு வேறொரு பட்டியலும் இருக்கிறது. விற்பனைக்கு வந்திருக்கும் கட்டடங்களின் பட்டியல் அது. கருங்கல் ஆலயங்கள், போதகர்கள் குடியிருந்த வீடுகள், சபை மண்டபங்கள் என்று நீள்கிறது. வாங்குபவர்கள் அவற்றை வீடாக, அலுவலகமாக மாற்றுகிறார்கள். கிளாஸ்கோவில் ஒரு பழைய ஆலயம் 2004 முதல் ‘ஓரான் மோர்’ என்ற பெயரில் மதுக்கூடமாகவும் கலையரங்காகவும் இயங்குகிறது.

‘கூட்டம் வரலை, அதனால மூடுறாங்க’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல.

எண்கள் என்ன சொல்கின்றன?

1950-களின் நடுவில் இந்தத் திருச்சபையில் சுமார் 13 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று 3 லட்சத்துக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 32.4% பேர் தங்களை இந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். 2022-ல் அது 20.4% ஆனது. ‘எந்த மதமும் இல்லை’ என்றவர்கள் 51.1%, அதாவது, பாதிக்கு மேல்.

ஆள் குறைந்தால் காணிக்கை குறையும். ஆனால், கூரை ஒழுகுவது குறையாது. போதகர்கள் ஓய்வுபெறும் வேகத்துக்குப் புதியவர்கள் ஊழியத்துக்கு வருவதும் இல்லை.

சரி, இத்தனை கட்டடங்கள் எப்படி வந்தன?

அதற்கு ஒரு பழைய சண்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சபைக்கு யார் போதகர் என்பதை ஊர் நிலக்கிழாரே முடிவு செய்யும் வழக்கம் அங்கே இருந்தது. ‘எங்க போதகரை நாங்கதான் தேர்ந்தெடுப்போம்’ என்று சபையார் எதிர்த்தார்கள். 1843 மே மாதம் எடின்பரோவில் கூடிய பொதுப்பேரவையில் பிளவு வெடித்தது. 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் உதறிவிட்டு வெளியேறி ‘ஃப்ரீ சர்ச்’ அமைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் புதிய ஆலயங்கள் எழுந்தன.

நிலக்கிழாரின் அந்த உரிமை 1874-ல் ஒழிக்கப்பட்டது. பிரிந்து போனவர்களில் பெரும்பகுதியினர் 1929-ல் மீண்டும் இணைந்தார்கள். சபைகள் ஒன்றாயின, கட்டடங்கள் அப்படியே நின்றன. சின்ன ஊரில்கூட இரண்டு, மூன்று ஆலயங்கள் இருப்பது இப்படித்தான். இன்று விற்கப்படும் கட்டடங்களில் பல, அன்றைய கொள்கைச் சண்டையின் மிச்சம்.

பிஷப் இல்லாத சபையில் முடிவெடுப்பது யார்?

‘பிரஸ்பிட்டர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். பிரஸ்பிட்டேரியன் முறையில் பேராயர் கிடையாது. உள்ளூரில் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ‘செஷன்’. அதற்கு மேல், ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் அமரும் ‘பிரஸ்பிட்டரி’. உச்சியில் ஆண்டுக்கொரு முறை கூடும் பொதுப்பேரவை. அதன் தலைவர் பதவியும் ஓராண்டுக்குத்தான். மன்னர்கூட இந்தத் திருச்சபைக்குத் தலைவர் அல்ல.

ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் தன் வட்டாரத்துக்குத் திட்டம் தீட்ட வேண்டும் என்று 2021-ல் பொதுப்பேரவை சட்டம் இயற்றியது. எத்தனை போதகர் பணியிடங்கள், எந்தச் சபைகள் இணைய வேண்டும், எந்தக் கட்டடம் இருக்கும், எது போகும் என்பதெல்லாம் அதில் வரும். ‘ஏ’ பிரிவு என்றால் தக்கவைக்கப்படும். ‘பி’ பிரிவு என்றால் குறித்த காலத்துக்குள் கைவிட வேண்டும்.

இங்கேதான் வலி. ‘மேலிடம் மூடிவிட்டது’ என்று திட்ட ஒரு பிஷப் இல்லை. உங்கள் ஆலயத்துக்கு ‘பி’ போட்டவர்களில் பக்கத்து ஊர் மூப்பரும் ஒருவர். அவருடைய ஆலயத்துக்கு ‘ஏ’ கிடைத்திருந்தால்? சமமானவர்கள் கூடி எடுக்கும் முடிவு நியாயமானதாக இருக்கலாம். ஆனால், அதற்குப் பிறகும் அவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும்.

இன்னொரு முரணும் உண்டு. 1843-ல் போராடியது, போதகரைச் சபையே அழைக்கும் உரிமைக்காக. அந்த உரிமை இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஆனால், திட்டத்தில் பணியிடம் ஒதுக்கப்படாத சபை யாரை அழைக்கும்?

அப்படியானால் மூடுவது தவறா?

மூடச் சொல்பவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சபை என்பது மக்கள், கட்டடம் அல்ல என்பதுதானே சீர்திருத்த மரபின் போதனை? வயதான முப்பது பேர் தங்கள் கடைசிக் காலத்தைக் கூரைக்கு நிதி திரட்டுவதிலேயே செலவழிக்க வேண்டுமா?

ஆனால், இந்தத் திருச்சபை ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கிறது. 1921-ல் நாடாளுமன்றம் ஏற்ற அதன் அடிப்படை விதிகளில் மூன்றாவது, ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு பங்கிலும் உள்ள மக்களுக்கு ஊழியம் செய்வது தன் கடமை என்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பகுதியில் வாழும் எல்லோருக்கும். ஆராதனைப் பக்கமே வராதவர் வீட்டில் சாவு விழுந்தாலும், கூப்பிட்டால் வர ஒரு போதகர் உண்டு என்பதே அதன் நடைமுறை அர்த்தம். போதகர்களுக்குத் தேசிய அளவில் ஒரே ஊதிய அளவுகோல் வைத்து, வசதியான சபைகளின் பணம் ஏழைச் சபைகளின் ஊழியத்தைத் தாங்கும்படி செய்ததும் இதற்காகத்தான். நான்கைந்து ஊர்களுக்கு ஒரே போதகர் என்றான பிறகு, இந்த வாக்குறுதிக்கு என்ன பொருள்?

நமக்கும் இதில் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னை எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தை இன்றும் ‘கிர்க்’ என்றே அழைக்கிறோம். சர்ச்சுக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் பெயர் அது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வேர், 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளியில் இருக்கிறது. 1843 பிளவு அவரையும் விடவில்லை. அவர் ஃப்ரீ சர்ச் பக்கம் நின்றார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்த மரபும் அதில் கலந்தது. ஆனால், அங்கே பேராயர்களும் உண்டு.

கட்டடங்களை விற்பதால் மட்டும் ஒரு திருச்சபை அழிந்துவிடாது. ‘உங்க ஊருக்கு நாங்க இருக்கோம்’ என்று சொன்ன வார்த்தையை இனி எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்பதை, காப்பாற்ற முடியாவிட்டால் அதையும், மக்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த ஆலயம் ‘ஏ’, எந்த ஆலயம் ‘பி’ என்பதை முடிவுசெய்துவிட்ட பிரஸ்பிட்டரிகள், இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லியாக வேண்டும்.