பட்டாளத்து டாக்டரும் தலையெழுத்தும்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வாலிபன் ஒருவன் பட்டாளத்தில் சேருவதானால், இராணுவ டாக்டர் அவனைத் தலைமுதல் கால்வரை பரிசோதித்துத் தகுதியுடையவன் என்று எழுதின பிறகே சேர்த்துக்கொள்ளுகிறார்கள். பத்து வருஷம் பனியிலும் பாலையிலும் வேலை வாங்கின பின் அவனுக்கு வலிப்போ சித்தக்கலக்கமோ கண்டால், அதே இராணுவத்தின் டாக்டர் சபையார், "இது பிறவியிலேயே உடற்கூற்றில் உள்ளது, உத்தியோகத்திற்குச் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊனப் பென்ஷனோ, வியாதி உத்தியோகத்தால் வந்தது அல்லது முற்றியது என்று ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ஊனமும் 100-க்கு 20-க்குக் குறையக்கூடாது. ஆகவே அந்த ஒரு வரியிலேயே அவன் சோறு போய்விடுகிறது.

பிறவியிலேயே இருந்ததானால் சேர்க்கும்போது பரிசோதித்தவர் எதைப் பார்த்தார்? அப்போது தெரியக்கூடாத வியாதி என்றால், அதற்காவது காரணம் எழுதவேண்டாமா? கிராமத்தார் வலிப்புக்காரனை முனி பிடித்தவன் என்கிறார்கள். ஜோசியன் தலையெழுத்து என்கிறான். படித்த டாக்டர்கள் காரணம் காட்டாமல் 'பிறவி' என்றால், இம்மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ஜோசியனாவது தட்சணையோடு விட்டுவிடுகிறான்!

இது நமது கற்பனையல்ல. 1985-ல் சிக்னல் படையில் சேர்ந்த தரம்வீர் சிங் என்பவர், 1994-ல் வலிப்புக்காக 20 சதவிகித ஊனத்துடன் இப்படியே வெளியேற்றப்பட்டார். சேரும்போது குறிக்கப்படாத வியாதி உத்தியோகத்தால் வந்ததென்றே கொள்ளவேண்டும், இல்லையென்று ருசுப்படுத்துவது சர்க்கார் பொறுப்பு, டாக்டர் சபை காரணம் எழுதியே தீரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டார் 2013 ஜூலை 2-ந் தேதி தீர்ப்பளித்தார்கள். நியாயந்தான், ஆனால் 19 வருஷம்!

இதற்கிடையில் சர்க்கார் 2008 விதிகளில், உத்தியோகத்தால் வந்ததென்று கொள்ளும் அந்த அனுமானத்தை எடுத்துவிட்டார்கள். அப்படியும் காரணம் எழுதாமல் மறுக்கமுடியாதென்று சொல்லி, டில்லி ஹைகோர்ட்டார் 2025 ஜூலையில் சர்க்காரின் சுமார் 300 மனுக்களைத் தள்ளினார்கள். சிப்பாய் ஜெயித்த பிறகும் அவன்மேல் இத்தனை வழக்கு!

பொய் வியாதிக்காரரும் உண்டென்கிறார்கள். இருக்கட்டும், அவர்களைப் பிடிப்பதற்கும் காரணம் எழுதுவதுதானே வழி?

ஓசூர்க்காரனுக்கு அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர், 40 கிலோமீட்டர். இராணுவ டிரிபியூனலோ தமிழ்நாட்டாருக்குச் சென்னையில், 300 கிலோமீட்டருக்கப்பால். சிப்காட் கம்பெனி வாசலில் ராக்காவல் இருந்து பிழைப்பவன் எத்தனை வாய்தாவுக்குப் போவான்?

ஆதலால் பட்டாளத்தை விட்டு வரும் தோழர்கள், சேர்ந்தபோது எழுதின வைத்தியக் குறிப்பு, வெளியேறும்போது எழுதின டாக்டர் சபை முடிவு இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்கி வரவேண்டும். வலிப்புக்குக் கோடங்கியிடம் போகும் செலவை நிறுத்தி, கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நல ஆபீசில் அந்தக் காகிதங்களைக் காட்டி, "காரணம் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்கவேண்டும்.