மாலை வீரனுக்கு, வாழ்த்து போருக்கு அன்று!

"போரை வெறுக்கும் நீங்கள் போர்வீரனை எப்படிப் போற்றலாம்?" என்று கேட்கின்றனர் சிலர். "வீரனைப் போற்றிவிட்டுப் போரை எப்படிப் பழிக்கலாம்?" என்று மடக்குகின்றனர் வேறு சிலர். இரு கேள்விகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே மயக்கம்: வீரனும் போரும் ஒன்றே என்னும் மயக்கம்! அம்மயக்கத்தால் ஆதாயம் அடைவோர் யார்? அமெரிக்க வரலாறு விடை கூறும், தோழர்களே!

1918 நவம்பர் 11-ஆம் நாள் முதல் உலகப்போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. அந்நாளுக்குப் போர்நிறுத்த நாள் என்று பெயர். 1938-இல் அதனை விடுமுறை நாளாக்கிய அமெரிக்கச் சட்டம், உலக அமைதிக்கு உரிய நாள் அது என்றே குறித்தது. 1954-இல் பெயர் மாறியது; போர்நிறுத்த நாள், முன்னாள் படைவீரர் நாள் ஆயிற்று. இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் களம் கண்டோரையும் போற்றவேண்டும் என்றனர். நல்ல காரணந்தான்! ஆயினும், வீரன் உள்ளே வருவதற்காக அமைதி ஏன் வெளியேற வேண்டும்? ஒரு மனையில் இருவர்க்கும் இடமில்லையா?

சரி, அந்த வீரனையேனும் வாழவைத்தனரா? முதல் உலகப்போரில் பணியாற்றியோர்க்குத் தனித்தொகை தருவதாக 1924-இல் சட்டம் செய்தனர். முழுத்தொகை கைக்கு வருவதோ 1945-இல்! 1932-இல் வேலையிழந்து வயிறு காய்ந்த வீரர்கள் பல்லாயிரவர், மனைவி மக்களோடு வாசிங்டனில் கூடி, "இன்றே தருக!" என்றனர். சூலை 28 அன்று விடை வந்தது. தளபதி மக்ஆர்தர் தலைமையில் படையாக வந்தது! டாங்கிகள் உருண்டன, கண்ணீர்ப்புகை சூழ்ந்தது, குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவனை நாட்டின் படையே விரட்டிற்று. தொகையை உடனே தரும் சட்டம் வந்தது 1936-இல்தான்.

போரை எதிர்ப்போரே, உங்களுக்கும் ஒரு சொல்! வியட்நாம் போருக்கு ஆள் திரட்டியபோது, கல்லூரியில் பயின்றோர்க்குத் தவணை கிடைத்தது. கல்லூரி வாசலை மிதியாத ஏழை மகனுக்கு அழைப்போலை கிடைத்தது. அவனைக் கொலைகாரன் என்று தூற்றுவது, எய்தவன் இருக்க அம்பை நோவதாகும். 1968-இல் மை லாய் சிற்றூரில் பெண்டிரையும் பிள்ளைகளையும் சுட்டவர்க்கு மாலை கிடையாது, அது குற்றம். ஆனால், அதே ஊரில் தன் எலிகாப்டரை இறக்கி, தன் நாட்டுப் படைக்கும் ஊரார்க்கும் இடையே நின்றவனும் ஒரு போர்வீரனே! அவன் பெயர் தாம்சன். அச்செயலுக்காக அரசு அவனுக்குப் பதக்கம் அளித்தது 30 ஆண்டுகள் கழித்து, 1998-இல்!

1971 ஏப்ரலில், வியட்நாமிலிருந்து மீண்ட வீரர்கள் நூற்றுக்கணக்கானோர் வாசிங்டனில் திரண்டு, தாம் பெற்ற பதக்கங்களைச் சட்டமன்றத்தின் முன் வீசி எறிந்தனர். களத்தைக் கண்ட கண்களே போரை மறுத்தன. வீரனைப் போற்றுவோர் அக்குரலையும் கேட்க வேண்டாமா?

ஆகவே தோழர்களே, இரண்டு உணர்ச்சிகளும் நம் நெஞ்சில் இருக்கட்டும். கால் இழந்தவனுக்குச் செயற்கைக் காலும், கலங்கியவனுக்கு மருத்துவமும், மீண்டவனுக்கு வேலையும் கேட்போம். அது அவனுக்குச் சேரவேண்டிய கடன். அவன் மகனுக்கு அழைப்போலை வாராத உலகைப் படைக்கப் போராடுவோம். அதுவே அவனுக்குச் சூட்டும் வாடா மாலை!