மூன்று ரூபா நாற்பத்து நான்கு சதம்

வாப்பா மௌத்தாகிவிட்ட வீடுகளில், அவர் விட்டுச் சென்ற பங்குகளுக்குப் பங்கிலாபக் காசு வரும் நாளில் சிறு மனக்கசப்பும் கூடவே வருவதுண்டு, சகோதரிகளே. பெரிய தொகைக்காக அல்ல, சில்லறைக்காக.

ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். வாப்பாவின் பெயரில் 1,375 பங்குகள். பங்கொன்றுக்கு ரூபா 1.35 பங்கிலாபம். 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் கம்பனியே 15 சதவீத வரியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறது. வீட்டில் கணக்கில் கெட்டிக்காரியான இளைய மகள் கல்குலேட்டரை எடுக்கிறாள். 1.35இல் வரி போக 1.1475. சதத்துக்குக் கீழே காசு ஏது என்று 1.15 ஆக மட்டந்தட்டி, 1,375ஆல் பெருக்குகிறாள். 1,581 ரூபா 25 சதம். நானா கொண்டு வந்ததோ 1,577 ரூபா 81 சதம்.

“மிச்சம் மூன்று ரூபா நாற்பத்து நான்கு சதம் எங்கே நானா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நானாவின் மனைவி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் அது விளையாட்டாக முடியுமா?

காசை யாரும் எடுக்கவில்லை. மகள் ஒரு பங்குக்குக் கூட்டியது வெறும் கால் சதம். அது 1,375 தடவை பெருகிவிட்டது. கம்பனியோ முதலில் மொத்தத்தைப் பார்க்கிறது: 1,856 ரூபா 25 சதம். வரி 278.4375, அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை 278.44 ஆக மட்டந்தட்டிக் கழிக்கிறது. மட்டந்தட்டுவதைக் கடைசிக்கு வைத்தால் இந்தச் சண்டையே இல்லை.

அடுத்தது பங்கு பிரிப்பது. உம்மா, இரண்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள் மட்டுமே வாரிசுகள் என்றால் மொத்தம் எட்டுப் பங்கு. உம்மாவுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒவ்வொன்று, ஆண்களுக்கு இவ்விரண்டு. 1,577.81ஐ எட்டால் வகுத்தால் 197.22625. உம்மாவுக்கும் பெண்களுக்கும் 197.23, ஆண்களுக்கு 394.45 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 1,577.82 வரும். கையில் இல்லாத ஒரு சதம்! சரியென்று எல்லாரிடமும் அரைகுறையை வெட்டிவிட்டால் 1,577.78, மூன்று சதம் மிஞ்சும். ஆண்களுக்கு வெட்டுப்பட்டது கால் சதம், உம்மாவுக்கும் பெண்களுக்கும் அரைச் சதத்துக்கும் மேல். ஆகவே அந்த மூன்று சதமும் இந்த நால்வரில் மூவருக்கு. விடுபட்டவருக்கு அடுத்த முறை.

ஒரு சதத்துக்கு இவ்வளவு பேச்சா என்பீர்கள். கனடாவில் வன்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் தன் சுட்டெண்ணை 1,000இல் தொடங்கியது. ஒவ்வொரு கணிப்பிலும் மூன்றாம் தசம தானத்துக்கு அப்பால் உள்ளதை வெட்டி எறிந்தார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை. 1983 நவம்பரில் சுட்டெண் 524 அளவில் நின்றது. திருத்திக் கணித்தபோது 1,098! எப்போதும் ஒரே பக்கமாக வெட்டினால் இதுதான் கதி. நம் வீட்டிலும் அந்த ஒரே பக்கம் பெரும்பாலும் யாருடைய பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நடைமுறையில் சதத்தை யார் எண்ணிக் கொடுக்கிறார்கள்? ரூபாவாகவே கொடுங்கள்: நால்வருக்கும் 197, ஆண்களுக்கு 394. மிஞ்சுவது ஒரு ரூபா 81 சதம். அதை நானாவின் சட்டைப் பையில் விடாமல், ஒரு கொப்பியில் ஆளுக்கொரு நிரல் போட்டு, அவரவர் பாக்கியைச் சதத்தோடு எழுதி, அடுத்த பங்கிலாபத்தோடு கூட்டிக் கொடுங்கள். பெரியவர்கள் “எனக்கு வேண்டாம்” என்று விட்டுக் கொடுக்கலாம். அது அவர்கள் விருப்பம். வயது வராத தங்கையின் நிரலை மட்டும் யாரும் அவள் சார்பில் அழித்துவிட வேண்டாம். அவளுக்கு விட்டுக் கொடுக்கும் வயது இன்னும் வரவில்லை.